டொக்டர்மாருக்குப் புள்ளி போட்டவர்

மாஸ்ரர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடித்துக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், அட்டையில் கோட்டுப் போட்ட படம். உள்ளே டொக்டர்மாராக எழுதித் தள்ளியிருந்தார்கள். 'சேர் இல்லாவிட்டால் நான் இல்லை' என்ற ஒரே வசனத்தைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கனடாவில் இருக்கும் மகள் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அப்பாவையும் அம்மாவையும் காரில் ஏற்றித் திரிந்தவள் என்ற முறையில். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது. அந்த மலரில் போடக்கூடிய வசனம் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் இதுதான்.

நல்லூரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. பகலில் பள்ளிக்கூடத்திலும் பின்னேரத்தில் ரியூட்டரியிலும் இரசாயனம் படிப்பித்தவர். குடாநாட்டில் இன்று கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு திரியும் டொக்டர்மாரில் கனபேர் அவர் கையால் குட்டு வாங்கியவர்கள். அதில் பொய்யில்லை. நன்றாகப் படிப்பித்தார் என்றும் சொல்கிறார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், படிப்பித்த பிள்ளை வளர்ந்து, வேறொரு படிப்பும் படித்து, ஆயிரம் வருத்தக்காரரைப் பார்த்து முடித்துவிட்டது என்ற செய்தி மட்டும் கடைசிவரை அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவரைப் பொறுத்தவரை எல்லா டொக்டர்மாரும் அரைக் காற்சட்டையோடு வகுப்பு வாங்கில் இருந்தபடிதான் மருந்து எழுதினார்கள்.

ஒழுங்கையில் யாருக்காவது சுகமில்லை என்றால் மாஸ்ரர் வருவார். சுகம் விசாரிக்க அல்ல. படலையைத் தள்ளிக்கொண்டு வந்து கதிரையில் இருந்ததும் கையை நீட்டுவார்.

"துண்டைக் கொண்டாரும் பாப்பம்."

மருந்துத் துண்டை விடைத்தாள் பிடிப்பதுபோல் தூரப் பிடித்துப் பார்ப்பார். பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். கரும்பலகையில் எழுதிய சோக்குத் தூள் இன்னும் அதிலே ஒட்டியிருக்கிறது என்ற நினைப்பு.

"ஆர் எழுதினது? உவனே? உவன் இரண்டாம் தவணைச் சோதினையிலை முப்பத்தெட்டு எடுத்தவன். மோல் கணக்கு விளங்காமல் அழுதவன். உவனுக்கு என்னெண்டு மில்லிகிராம் தெரியும்?"

பிறகு துண்டை மடித்துத் திருப்பித் தருவார். "முழுசாப் போடாதையும். பாதியாப் போட்டாக் காணும்." அல்லது, "இதை நிப்பாட்டும்." அவருடைய வைத்தியம் மொத்தமும் இந்த இரண்டுக்குள் அடங்கும். என் மகனுக்குக் காதுக்குள் குத்து வலி வந்தபோது தந்த அன்ரிபயோற்றிக்கையும் இப்படித்தான் பாதியாக்கப் பார்த்தார். அவர் படலையைத் தாண்டும்வரை தலையாட்டிவிட்டு முழுதாகக் கொடுத்தேன்.

முப்பத்தெட்டு எடுத்தவன் எப்படி மருத்துவபீடம் போனான் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடைசிச் சோதனையில் அவர்கள் எடுத்த மூன்று 'ஏ' சித்தியும் அவருடையவை. அதற்கு முந்திய தவணைகளில் தவறவிட்ட புள்ளிகள் மட்டும் அவர்களுடையவை. இவ்வளவு வசதியான கணக்கை எந்த வங்கியிலும் நான் காணவில்லை. நான் வேலை செய்வது வங்கியில்.

செத்த வீட்டிலும் இதே சங்கதிதான். சந்தியில் கடை வைத்திருந்தவர் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். மகன் வாசலில் நின்று ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. மாஸ்ரர் அவன் தோளில் கையைப் போட்டு, "ஆர் பாத்தது?" என்றார். அவன் டொக்டரின் பெயரைச் சொன்னான். மாஸ்ரர் தலையை மெல்ல ஆட்டினார்.

"அப்ப சரி. அவன் ஒரு நாளும் அறுபதைத் தாண்டினதில்லை."

சொல்லிவிட்டுப் போய்ப் பந்தலுக்குள் முன்வரிசையில் இருந்தார். அந்தப் பெடியன், தகப்பனை இன்னொரு டொக்டரிடம் கொண்டுபோயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று அதற்குப் பிறகு ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தான். மாஸ்ரர் அதைச் சொன்னபோது என் கையில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. அதாலேயே ஒரு போடு போட்டிருக்கலாம்.

இப்படி ஒருவர் தனியாக வளர முடியாது. ஊர் வளர்த்தது. தனியார் வைத்தியசாலையில் டொக்டரிடம் காட்ட நாங்கள் எல்லாம் காசு கட்டி நம்பர் எடுத்து, விசிறிக்குக் கீழே இடம் தேடிக் காத்திருப்போம். மாஸ்ரருக்கு நம்பர் இல்லை. கதவைத் திறந்துகொண்டு போவார். உள்ளே இருப்பவர் துள்ளி எழும்புவார். "வாங்கோ சேர், இருங்கோ சேர்." தன் கதிரையையே விட்டுக்கொடுத்துவிட்டு நின்றபடி மருந்து எழுதிய ஒருவரையும் கண்டேன். வெளியே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மாரும் முணுமுணுக்க மாட்டார்கள். "படிப்பிச்சவரல்லே" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் எங்கள் ஆட்களுக்கு முதுகெலும்பு கழன்றுவிடும்.

நான் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். "மாஸ்ரர், நீங்கள் படிப்பிச்சது கெமிஸ்ரி. அவை படிச்சது வைத்தியம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீர் உயர்தரத்துக்கு என்ன செய்தனீர்?"

"கொமர்ஸ்."

"அதுதானே," என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

இனி அன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்ரரின் மனைவி. சின்ன உருவம், எதற்கும் முதலில் சிரிப்பு. மதிலுக்கு மேலால் எனக்குக் கறிவேப்பிலையும் ஊர்ப்புதினமும் தருபவர். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வருடக்கணக்காகக் குளிசை. குளிசையைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் சீனி இறங்குகிற பாடில்லை. அதனால்தான் ஒருநாள் அவரை ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம். நான் கார் ஓட்டினேன். அன்ரி கேட்டதால் உள்ளேயும் கூடப் போனேன்.

டொக்டருக்கு நாற்பது வயது இருக்கும். அமைதியான மனிதர், கெட்டிக்காரர் என்று பெயர். மாஸ்ரரைக் கண்டு எழும்பி, மாஸ்ரர் இருந்த பிறகுதான் இருந்தார். ஆனாலும் வேலையைச் சரியாகச் செய்தார். இரத்தம் சோதித்த தாளைப் பார்த்தார். அன்ரியைக் கட்டிலில் ஏற்றி, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பஞ்சால் தடவினார்.

"தெரியுதோ அம்மா?"

"எங்கை தம்பி தடவுறீங்கள்?" என்றார் அன்ரி கண்ணை மூடியபடி.

டொக்டரின் முகம் மாறியது. அதை நான் கண்டேன். திரும்பி வந்து இருந்து மளமளவென்று எழுதினார்.

"இனிக் குளிசை காணாது அம்மா. ஊசிக்கு மாறுவம். சின்ன ஊசிதான், வீட்டிலையே போடலாம். பயப்பிட ஒண்டுமில்லை."

அன்ரி தலையாட்டினார். அவருக்குச் சம்மதம். யாருடைய உடம்போ அவருக்குச் சம்மதம் என்றால் விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

மாஸ்ரர் கையை நீட்டினார். டொக்டர் துண்டைக் கொடுத்தார்.

"இன்சுலினோ? உனக்கென்ன விசரே?"

"சேர், சீனி நல்லாக் கூட. காலிலை உணர்ச்சியும் குறைஞ்சு போச்சு."

"ஊசி எண்டது கடைசிக் கட்டம். தொடங்கினா நிப்பாட்டேலாது. ஊருக்குத் தெரிஞ்சா இவ இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கதை கட்டுவாங்கள்." பிறகு குரலை இறக்கி, "குளுக்கோசின்ரை கட்டமைப்பை ஒருக்கா எழுது பாப்பம்," என்றார்.

பகிடி என்று நினைத்தேன். டொக்டரும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தார். மாஸ்ரர் சிரிக்கவில்லை. துண்டைத் திருப்பிப் போட்டு அவர் பக்கம் தள்ளினார். அந்த மனிதர், வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும் அந்த மனிதர், பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். எங்கோ நடுவில் தடுமாறி நின்றார். காது சிவந்துவிட்டது.

"பாத்தியே? ஓ-எச் எந்தப் பக்கம் வரும்? அண்டைக்கும் இதே இடத்திலைதான் பிழை விட்டனீ."

"ஓம் சேர்."

"இதுக்குள்ளை எனக்கு இன்சுலின் எழுதுறாய்."

எனக்கு என்றார். ஊசி அன்ரிக்கு.

டொக்டர் அன்ரியை ஒருமுறை பார்த்தார். துண்டைத் திருப்பி, தான் எழுதிய வரியைக் கோடு கீறி வெட்டினார். கீழே குளிசையை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினார். "அப்ப ஒரு மூண்டு மாசம் குளிசையோடையே பாப்பம், சேர்," என்றார். அந்த அறையில் யார் மேல் எனக்கு அதிக அருவருப்பு வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

காரில் அன்ரி பின்சீற்றில் இருந்து மெல்லக் கேட்டார். "பிள்ளை, அந்த ஊசி கனக்க நோகுமோ?"

"இல்லையாம் அன்ரி. எறும்பு கடிச்ச மாதிரித்தானாம்."

"எனக்கு அது பறவாயில்லையாத்தான் இருந்தது."

"உமக்குத்தான் ஊசி இல்லையெண்டாச்சே," என்றார் மாஸ்ரர் முன்னால் பார்த்தபடி. "பேந்தென்ன கதை?"

அந்த மூன்று மாதம் முடியமுன்னம் நல்லூர்த் தேர் வந்தது. ஊரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேருக்குப் பின்னால் நடக்கும் நாள். அன்ரி ஒரு வருடமும் விட்டதில்லை. அன்றைக்கும் வெறுங்காலோடு கூட்டத்தோடு கூட்டமாக வெளிவீதி முழுக்கச் சுற்றினார். வெயில் உச்சிக்கு ஏறி, மணல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வேலியோரத்து நிழலுக்கு ஓடி ஓடி நின்றேன். அன்ரி நிதானமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நிலமெல்லாம் சிவப்புப் பொட்டு. குங்குமம் சிந்திப்போச்சு என்று அன்ரி துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டு போகப் போகப் பின்னால் புதிதாக விழுந்துகொண்டு வந்தது. நான்தான் அவரை இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் கொப்புளித்து, தோல் உரிந்து தொங்கியது.

"அன்ரி, நோகேல்லையோ?"

"இல்லையே பிள்ளை," என்றார் ஆச்சரியமாக. பிறகு முகம் மலர்ந்து, "முருகன் எனக்கு நோவு தெரியாமல் காப்பாத்திப் போட்டார்," என்றார்.

உடனே டொக்டரிடம் போவோம் என்றேன். மாஸ்ரர் விடவில்லை. "எரிகாயம்தானே. ஆய்கூடத்திலை நான் காணாத எரிகாயமே?" ஆனாலும் மரியாதைக்கு டொக்டருக்கு போன் எடுத்தார். சத்தமாக வைத்தே கதைத்தார், எனக்கும் கேட்டது.

"சேர், சீனிக்காரருக்குக் காலிலை புண் எண்டால் கவனம். நீங்கள் உடனை கொண்டு வாங்கோ."

"தேவையில்லை. நான் பாக்கிறன்."

பிறகு, "சரி சேர்" என்று வந்தது.

மாஸ்ரர் அலுமாரியில் இருந்து கொண்டீஸ் போத்தலை எடுத்தார். ஊதா நிறப் பளிங்குத் தூள், தண்ணீரில் போட்டால் கத்தரிப்பூ நிறமாகக் கரையும். அந்தக் காலத்தில் புண் கழுவுவதற்கு எல்லா வீட்டிலும் இருந்த சாமான். காலையும் மாலையும் ஒரு தண்ணீர்ப் பேசினில் அதைக் கரைத்து அன்ரியின் காலை உள்ளே வைப்பித்தார். கிருமி எப்படி ஒட்சிசன் ஏறிச் சாகும் என்று எனக்கு வகுப்பும் எடுத்தார். பார்க்க மனைவிக்குக் கால் கழுவும் உத்தம புருஷன் மாதிரித்தான் இருந்தது.

கொண்டீசில் ஊறிய தோல் மண்ணிறமாகும். இரண்டு மூன்று நாளில் கடும் மண்ணிறம், பிறகு கறுப்பு மாதிரி. இரசாயனம் படித்தவருக்கு அது தெரியும். தெரிந்தபடியால்தான் அன்ரியின் கால்விரல்கள் கறுத்தபோது அவர் கலங்கவில்லை. "உது கொண்டீஸ் பிடிச்ச நிறம்," என்றார். நானும் பார்த்தேன். எது மருந்தின் கறுப்பு, எது சாவின் கறுப்பு என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. கடைசியில் மணம்தான் உண்மையைச் சொன்னது.

மாஸ்ரர் ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராகப் போயிருந்த பின்னேரம் அன்ரி என்னை மதிலடியில் நின்று கூப்பிட்டார். காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, இவர் வரமுன்னம் என்னை எங்கையாவது கொண்டு போவீரோ?"

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சத்திரசிகிச்சை வாட்டில் நின்றவர் தெற்கில் இருந்து வந்த இளம் டொக்டர், ஒரு சிங்களப் பெண்பிள்ளை. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. காலை ஒருமுறை முகர்ந்தாள், விரலை அமத்திப் பார்த்தாள். பிறகு அன்ரியின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "அம்மா, கால் எடுக்க வேணும். முழங்காலுக்குக் கீழே. இல்லாட்டி அம்மா இல்லை," என்றாள்.

அப்போதுதான் மாஸ்ரர், ஒழுங்கையில் யாரோ சொல்லி, வந்து சேர்ந்தார். விழாவில் போர்த்திய பொன்னாடை இன்னும் கையில் மடித்தபடி இருந்தது. அந்தப் பிள்ளை எழும்பவில்லை. அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. எந்த வருடம் படித்தாய், யார் உனக்கு இரசாயனம் படிப்பித்தது என்று மாஸ்ரர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் இரத்தச் சோதனைத் தாளைப் புரட்டினாள். "இவங்களுக்கு ஏன் இன்னும் இன்சுலின் குடுக்கல்லை?" என்றாள்.

"டொக்டர் எழுதேல்லை," என்றார் மாஸ்ரர்.

கண்ணிமைக்காமல் சொன்னார். அந்த ஒரு கணத்தில் அவர் மேல் எனக்கு மிச்சம் கிடந்த மரியாதையும் போய்விட்டது.

"எழுதினவர்," என்றார் அன்ரி கட்டிலில் கிடந்தபடி. "இவர் வெட்டுவிச்சவர்."

இளம் டொக்டர் மாஸ்ரரை வெளியே நிற்கச் சொன்னாள். அன்ரி தானே ஒப்பம் வைத்துக் கொடுத்தார். மாஸ்ரர் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் நின்றார். அழுவார் என்று பார்த்தேன். "உந்தப் பெட்டை ஆரிட்டைப் படிச்சிருப்பாள்?" என்று இரண்டு தரம் கேட்டார். அவளுக்குப் போட அவரிடம் புள்ளி ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் அவரை அரித்தது.

அன்ரி வீட்டுக்கு வந்த கிழமை அந்த டொக்டர் வந்தார், வரியை வெட்டிய அவர்தான். யாரும் கூப்பிடவில்லை. இன்சுலினும் ஊசியும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். நான் அன்ரியின் அறையில் இருந்தேன். கூடத்தில் மாஸ்ரரின் குரல் கேட்டது.

"நான் ஒண்டைச் சொன்னா, நீ அதைக் கேக்கிறதோடா? டொக்டர் நீயோ, நானோ?"

காதில் விழுந்ததை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். குற்றவாளியையும் பிடித்துவிட்டார்.

"என்ரை பிழைதான் சேர்," என்றது டொக்டரின் குரல். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தம்பி!" அன்ரி கட்டிலில் நிமிர்ந்தார். அவ்வளவு சத்தமாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இஞ்சாலை வாங்கோ. மன்னிப்பை அங்கை ஏன் கேக்கிறீங்கள்? போனது என்ரை கால்."

டொக்டர் வந்து அறை வாசலில் நின்றார். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"அண்டைக்கு அந்த அறைக்குள்ளை அவருக்கு ஒரு மாணவன் இருந்தவன்," என்றார் அன்ரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்குத்தான் டொக்டர் ஒருத்தரும் இருக்கேல்லை."

அந்தப் பெரிய டொக்டர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்காக இரங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பையைத் திறந்து ஊசியை எடுத்து, அளவைச் சரிபார்த்தார்.

மாஸ்ரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். விரல்கள் உரசத் தொடங்கின. "நேரை குத்தாதை. கொஞ்சம் சரிச்சுப் பிடி."

"நீங்கள் வெளியிலை போங்கோ," என்றார் அன்ரி.

மாஸ்ரர் அன்ரியைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். டொக்டர் இந்தமுறை நிமிரவில்லை. மாஸ்ரர் போனார். கூடத்தைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, படலையடி மட்டும் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒழுங்கையால் சைக்கிளில் போன யாரோ காலூன்றி, அன்ரி எப்படி என்று விசாரித்தார்கள்.

"பறவாயில்லை. உள்ளுக்கை டொக்டர் வந்து நிக்கிறான்," என்றார் மாஸ்ரர், ஒழுங்கை முழுக்கக் கேட்க. "என்ரை பெடியன்தான். கூப்பிடாமலே வீடு தேடி வந்திருக்கிறான், பாருமன்."

யன்னலால் எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது. டொக்டரின் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது. அன்ரி சட்டையை விலக்கி, வயிற்றுத் தோலைத் தானே கிள்ளிப் பிடித்தார்.

"அது கிடக்கட்டும்," என்றார். "நீங்கள் குத்துங்கோ, தம்பி."